மங்கை அக்காவின் கரவனுக்கு நாங்கள் பூட்டிய மோட்டார்

செய்தி வந்தபோது நான் பாடசாலைச் சமையலறையில் அவித்த உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மங்கை அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபடியால், இரண்டு கிழமையாக அந்தச் சட்டத்தை மீறிப் பொக்கற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்காவின் மகள் அபிதான் கதைத்தாள். "அன்ரி, அம்மா விடியப்புறம் எங்களை விட்டுட்டுப் போட்டா," என்றாள். "சரி பிள்ளை, உடனை வாறன்," என்றேன். உடனே போனேனா? இல்லை. மிச்சக் கிழங்கையும் வடித்து, வெண்ணெய் பிரட்டி, தட்டங்களில் நிரப்பி மூடிவைத்துவிட்டுத்தான் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அதில் நான் எழுத வேண்டும் என்று அபி கேட்டாள். என்னைவிட வடிவாக எழுதக்கூடியவர்கள் எங்கள் ஊர்ச்சங்கத்தில் இருக்கிறார்கள். "இன்முகமும் இனிய சொல்லும்" என்று தொடங்கினால் நிற்காமல் நாலு பக்கம் எழுதுவார்கள். எனக்கு அது வராது, அக்காவுக்கும் அது பிடிக்காது. ஒரு செத்தவீட்டில் பேச்சுகளைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்ல மனிசனை நான் உயிரோடை ஒருநாளும் காணேல்லையே," என்று என் காதுக்குள் சொன்னவர் அவர். அதனால் நான் நேரே விசயத்துக்கு வருகிறேன். அக்கா சாவதற்கு முந்திய கோடையில் எனக்கு ஒன்று சொல்ல வந்தார். சொல்ல முடியாமல் போனது. அதற்குக் காரணம் அவருடைய கரவனில் நாங்கள் பூட்டிய மோட்டார். அதைப் பூட்ட வேண்டும் என்று முதலில் சொன்னது நான். இந்த மலரை விரிக்கிற எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள்தான், ஆகவே உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை.

ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட் நகரத்தில் மங்கையர்க்கரசி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கரவன் அக்கா என்றால் டோர்ட்மண்ட் வரை தெரியும். அவருடைய கணவர் மாரடைப்பில் போய் இரண்டாம் வருடம், மேல்வீட்டு ஜேர்மன் அம்மா தன்னுடைய பழைய கரவனைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு காஸ் அடுப்பு. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. எங்கள் சனம் சும்மா விடுமா? "அசூல் கேட்டு அகதி முகாமிலை கிடந்தது காணாதே மங்கை? காசு குடுத்து இன்னொரு முகாமுக்கோ போறாய்?" என்று ஆளுக்காள் பகிடி பண்ணினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "அந்த முகாமிலை எங்களைக் கொண்டுபோய் வைச்சவை. இந்த முகாமிலை நானாப் போய் இருக்கிறன். பிடிக்காட்டி கழட்டிக்கொண்டு வந்திடுவன்," என்றார். அடுத்த கோடையில் பகிடி பண்ணிய ஐந்து குடும்பமும் கூடாரம் வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனோம். மலையடி ஏரி ஒன்றின் கரையில் புல்வெளி. அதுவே எங்கள் வழக்கமான இடமாகிவிட்டது.

கரவனைப் பின்பக்கமாக ஓட்டி ஒதுக்குவது லேசான வேலை இல்லை. அக்கா ஓட்டத் தொடங்கினால் போதும், சுற்றியுள்ள கூடாரங்களில் இருந்து ஜேர்மன் ஆம்பிளைகள் எல்லாம் எழும்பி வந்துவிடுவார்கள். ஒருவர் இடக்கையைக் காட்டுவார், மற்றவர் வலக்கையைக் காட்டுவார், எங்கள் ஆட்கள் "விடுங்கோ விடுங்கோ" என்று கத்துவார்கள். அக்கா காரை நிறுத்தி, இறங்கி, எல்லோருக்கும் பொதுவாக "டாங்க" என்று நன்றி சொல்லி, கதிரைகளைக் காட்டி இருக்கச் சொல்வார். பிறகு ஏறித் தன்பாட்டில் ஒரே தரத்தில் ஒதுக்கிவிடுவார். "ஐஞ்சு பேர் கை காட்டினால் வண்டி ஆரின்ரை கையைப் பாக்கிறது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். ஓட்டத் தெரியாத நான் அன்றைக்கு அதிகமாகக் கை காட்டிய ஆள்.

இனிக் கால்களின் கதை. கரவன் இரண்டு சில்லில் நிற்கிற வண்டி. காரைக் கழற்றிவிட்டால், உள்ளே ஒருவர் திரும்பிப் படுத்தாலும் ஆடும். அதற்காக நாலு மூலையிலும் அடியில் மடங்கிக் கிடக்கும் நாலு இரும்புக் கால். நீளமான ஒரு கம்பியைக் கொழுவிச் சுற்றச் சுற்ற அவை இறங்கி நிலத்தில் ஊன்றும். அதற்கு முதல் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும், தாழ்ந்த பக்கத்துச் சில்லை ஆப்பில் ஏற்றி மட்டம் எடுக்க வேண்டும். "இந்தக் கால் வண்டியைத் தூக்கிறதுக்கில்லை. ஆட்டத்தை நிப்பாட்டுறதுக்கு மட்டும்தான்," என்று யார் கிட்டப் போனாலும் சொல்வார். மட்டம் பார்க்கிற கருவி அவரிடம் இருந்தது. ஆனால் அதை அவர் நம்பமாட்டார். எல்லாம் முடிய உள்ளே போய் ஒரு தோசை வார்ப்பார். மா ஒரு பக்கம் ஓடித் தடித்தால், நாலு காலையும் ஏற்றிவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். அந்தக் கோணல் தோசையைப் பிய்த்துத் தின்ன எங்களுக்குள் அடிபிடி நடக்கும்.

ஏரிக்கரைப் புல் எப்போதும் ஈரம். கால் புதையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வேண்டும். அக்கா முழங்காலில் நின்று, தலையைக் கரவனுக்கு அடியில் விட்டுக்கொண்டு கம்பியைச் சுற்ற, இன்னொருவர் பக்கத்தில் குந்தியிருந்து பலகையை நகர்த்தி நகர்த்திப் பிடிக்க வேண்டும். துரு ஏறிய திருகு, நாலு காலும் இறங்க அரை மணித்தியாலம் எடுக்கும். அந்த அரை மணித்தியாலம் எப்படி அப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. பலகை பிடிக்கப் போகிறவர் மனதில் கிடந்ததை எல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டு எழும்பி வருவார். கம்பி கிறீச்சிடுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. அக்கா உங்கள் முகத்தைப் பார்க்கவும் மாட்டார். சில வருடங்களில் அது எங்களுக்குள் சொல்லாத வழக்கமாகிவிட்டது. "இந்தமுறை பலகை எனக்கு" என்று கார் ஏறும்போதே ஒருத்தி முந்திச் சொல்லிவைப்பாள். மற்றவர்கள் ஏன் என்று கேட்கமாட்டோம்.

நானும் பிடித்திருக்கிறேன். எங்கடை இவருக்கு வேலை போன வருடம் அது. நாள் முழுக்கச் சோபாவில் கிடப்பார், எதைக் கேட்டாலும் சீறுவார். நான் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்து, கட்டிலுக்குக் கீழே பெட்டி அடுக்கி வைத்திருந்தேன். இவர் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். முதல் இரண்டு காலுக்கும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா "ம்" கொட்டினார். மூன்றாம் காலில், "அடிக்கிறவனோ?" என்றார். "சீ, இல்லையக்கா." "குடிக்கிறவனோ?" "இல்லை." நாலாம் காலைப் பலகையில் இறுகச் சுற்றினார். பிறகு கம்பியைக் கழற்றிக்கொண்டு, "அப்ப வீட்டை போய்ப் பெட்டியை அவிழ். உடுப்பெல்லாம் கசங்கப்போகுது," என்றார். நான் அவிழ்த்தேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, ஒரு பார்வையால்கூட நினைவூட்டியதில்லை. நீங்கள் சொன்னவற்றையும் அப்படித்தான் வைத்திருந்திருப்பார்.

எப்படியக்கா எல்லாரும் உங்களிட்டைச் சொல்லுகினம் என்று ஒருமுறை கேட்டேன். "முகத்துக்கு நேரை இருந்து கேட்டால் சனம் பொய்தான் சொல்லும்," என்றார். "நானும் அப்பிடித்தான். எனக்கும் ஒருத்தரின்ரை முகத்தைப் பாத்து என்ரை கஷ்டத்தைச் சொல்ல ஏலாது. கையிலை ஒரு வேலை இருக்கோணும்." நான் முதல் பாதியைத்தான் மனதில் எடுத்தேன்.

முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பல வருடம் நனைந்த படுக்கைவிரிப்புகளைத் தூக்கி அவருடைய மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் போயிருந்தன. கால் இறக்கி முடிந்ததும் கையை உதறி உதறித் தேய்ப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று எல்லோரும் யோசித்தபோது, "சங்கிலியும் சீலையும் என்னத்துக்கு? அந்தக் காலுக்கு மோட்டார் பூட்டிக் குடுப்பம்," என்று சொன்னது நான். இவர் தேடிப் பிடித்து வாங்கினார். காலுக்கு ஒரு மோட்டார், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையடக்கமாக ஒரு றிமோட். பழைய கம்பியை மட்டும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இருக்கைக்குக் கீழே விட்டுவைத்தார். பிறந்தநாளன்று றிமோட்டைப் பட்டுத்தாளில் சுற்றிக் கொடுத்தோம். அக்கா அவிழ்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "நல்ல விசயம் பிள்ளையள். அப்ப இனி நான் என்ன செய்யிறது?" என்றார். நாங்கள் கொல்லென்று சிரித்தோம். "ராணி மாதிரிக் கதிரையிலை இருங்கோ அக்கா!" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வாய்தான்.

புதுச் சாமான் என்றால் எங்களுக்குப் பூசை இல்லாமல் முடியுமா? கோயில் முன்றலுக்குக் கரவனைக் கொண்டுபோனோம். ஐயர் வழக்கம்போலச் சில்லுக்கு அடியில் வைக்கத் தேசிக்காய் எடுத்து வந்தார். "சில்லு பழசு ஐயா, காலெல்லோ புதுசு," என்றார் இவர். அதுவும் நியாயம்தானே என்று நாலு காலுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. அக்கா பொத்தானை அமத்த, கால்கள் ஊங் என்று இறங்கித் தேசிக்காயை நசுக்கின. அதோடு விட்டிருக்கலாம். இவருக்குத் தன் மோட்டாரின் பலத்தைச் சபைக்குக் காட்ட வேண்டும். "இன்னும் அமத்துங்கோ அக்கா, இன்னும்!" என்றார். கரவன் ஒரு பக்கமாக எழும்பியது, உள்ளே கோப்பைகள் உருண்டு உடைந்தன, ஐயர் கர்ப்பூரத் தட்டோடு பின்னால் பாய்ந்தார். "எட தம்பி, இது தூக்கிற காலில்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்று அக்கா றிமோட்டை இவருடைய கையில் திணித்தார். ஒரு கால் கொஞ்சம் வளைந்துவிட்டது. இவர் அதை ஒரு கிழமை அடித்து நிமிர்த்தினார். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தக் கோடையில் ஏரிக்குப் போனோம். பலகைகளைக் காலால் தள்ளிவிட்டு, பொத்தானை அமத்தினால் சரி. தேத்தண்ணி கொதிக்க முதல் நாலு காலும் நிலத்தில் நின்றன. எல்லோரும் கைதட்டிவிட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினோம். பலகை தனக்கு என்று சொல்லி வந்த ஒருத்தி மட்டும் துவாயைத் தோளில் போட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் வந்துவிட்டாள். அக்கா கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்ததைத் தண்ணீருக்குள் இருந்து பார்த்தேன். நல்லாய் ஓய்வெடுக்கிறார் என்று எனக்குப் பெருமை. திரும்பி வந்தபோது, "கால் இறங்கீட்டுது, சனத்தைத்தான் காணேல்லை," என்றார். அதைக்கூட நான் பகிடி என்றுதான் எடுத்தேன்.

அடுத்தது உலகக் கிண்ணக் காற்பந்து ஜேர்மனியில் நடந்த கோடை. காருக்குக் கார் கொடி. நாங்கள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் ஜேர்மனிக்கு ஆட்டம் இருந்தது. ஆம்பிளைகளுக்குத் தொலைக்காட்சி பூட்டுகிற அவசரம், எங்களுக்கு அதற்குள் சமைத்து முடிக்கிற அவசரம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா கரவனுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டார். "சுகந்தி, இது வேலை செய்யுதில்லை. ஒருக்கா வா, பலகையைப் பிடி. நான் கையாலை சுத்துறன்."

போனேன். அக்கா பழைய கம்பியை எடுத்து, முழங்காலுக்குக் கீழே துணிகூட விரித்துவிட்டார். நான் குந்தவில்லை. "என்னக்கா விசர்க்கதை, இவ்வளவு காசு போட்டுப் பூட்டினது என்னத்துக்கு? உங்கடை கையை யோசியுங்கோ," என்று சொல்லிவிட்டு, "இஞ்சேருங்கோ, அக்காவின்ரை கால் வேலை செய்யேல்லை, கெதியா வந்து பாருங்கோ!" என்று கத்தினேன். இவர் வந்து பியூஸ் பெட்டி மூடியைத் திறந்தார். "பியூஸையே காணேல்லை. கழண்டு எங்கையோ விழுந்திருக்கு," என்றார். காரில் இருந்த ஒன்றைக் கொண்டுவந்து செருகினார். ஊங். நாலு காலும் இறங்கின. எல்லோரும் மறுபடியும் கைதட்டினோம். அக்காவும் சிரித்தார். கம்பியைத் துடைத்து இருக்கைக்குக் கீழே வைத்தார். அன்று ஜேர்மனி வென்றது. ஏரி அதிரக் கத்தியதில் என் தொண்டை கட்டிக்கொண்டது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்பது இலையுதிர் காலத்தில், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்கு ஜேர்மன் பாஷை ஓரளவு ஓடும். இங்கே பாதிப்பேர் டொக்டரைப் பார்க்க நாள் குறித்த தெர்மினுக்குக் கூடப் போய் மொழிபெயர்க்கிறவள் நான்தான். இதை வாசிக்கிற பலருடைய ஈரலையும் சிறுநீரகத்தையும்பற்றி ஜேர்மனில் சொல்ல எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னிடம் சொல்லாமல் விட்டாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சண்டை பிடித்தேன். "ஏன் அக்கா சொல்லேல்லை? வாயிலை என்ன கொழுக்கட்டையோ? நான் வந்திருப்பனே!" அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "உனக்கும் வேலை வெட்டி இருக்குத்தானே பிள்ளை," என்றார். நான் அதையும் நம்பினேன். நோயாளியை ஏசிவிட்டேன் என்ற கவலையோடு மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, சனம் போன பிறகு நானும் அபியும் ஏனங்கள் கழுவினோம். நான் கழுவ, அவள் துடைத்தாள். டார்ம்ஸ்டாட்டில் படிக்கிற பிள்ளை. அந்தக் கோடை முழுவதும் அவளுக்குச் சோதனை. தாய் அவளிடமும் ஒன்றும் சொல்லாமல் படிக்க விட்டிருந்தார்.

"அன்ரி, அந்தப் பியூஸ் விழேல்லை," என்றாள். "அம்மாதான் கழட்டினவ."

நான் தண்ணீரை நிறுத்தவில்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தனக்குச் சொன்னதை அவள் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். ஏரிக்குப் போவதற்கு முதல் கிழமையே அக்காவுக்குக் கட்டி இருப்பது தெரியும். பெரிய டொக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் தெர்மின் கொடுத்திருந்தார்கள். தனியாகப் போகப் பயம். "கால் இறக்கேக்க சுகந்தியிட்டைச் சொல்லுவன், அவள் என்னோடை வருவாள்," என்று நினைத்துக்கொண்டுதான் அக்கா வண்டியை எடுத்திருக்கிறார். மோட்டார் இருந்தால் நான் குந்தமாட்டேன் என்று தெரிந்து, நாங்கள் காரில் இருந்து சாமான் இறக்குகிற நேரம் பியூஸைக் கழற்றிப் புல்லுக்குள் எறிந்திருக்கிறார். நாங்கள் வேறு பியூஸ் போட்டுக் கைதட்டினோம். அதற்குப் பிறகு தெர்மினுக்குத் தனியாகப் போனார். டொக்டர் சொன்னதற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்தார். பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதியில் பயந்துபோனார். அடுத்த தெர்மினுக்கு அவர் போகவே இல்லை.

நான் கூடப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தெரியாது. டொக்டர்மாருக்கே அது தெரியாதாம். ஆனால் டொக்டருக்கு முன்னால் கதிரையில் தனியாக இருந்து, விளங்காத பாஷைக்கு "யா" சொல்லியிருக்கமாட்டார். அடுத்த தெர்மினுக்கு நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவ்வளவுக்கு என்னை எனக்குத் தெரியும்.

"இதை உங்களிட்டைச் சொல்லக்கூடாதெண்டு அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ," என்றாள் அபி. "'பாவம் சுகந்தி, ஆசைப்பட்டுப் பூட்டித் தந்தது. தன்ரை பிழையெண்டு நினைச்சு அழுவாள்' எண்டு சொன்னவ. எனக்கு வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு அன்ரி." சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் கட்டிப்பிடிக்க என் கை முழுக்கச் சவர்க்காரம்.

பாவமாம். சாகக் கிடந்துகொண்டு என்னைப் பாவம் என்றிருக்கிறார். அக்கா, இப்படி ஒரு மனிசியா? ஒருக்கால், ஒரே ஒருக்கால், "எடி, மோட்டாரும் மண்ணாங்கட்டியும், இஞ்சை வந்து இரு" என்று என்னை ஏசியிருக்கக்கூடாதா?

அபியிடம் நான் கோபப்படவில்லை, அவள் சொன்னது நல்லது. இந்த இரண்டு கிழமையாக, நான் சொல்லி விசயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். உனக்கு எப்படித் தெரியும், நல்லதை நினைத்துத்தானே செய்தாய் என்கிறார்கள். இவரும் அதைத்தான் சொல்கிறார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிற நீங்களும் சொல்வீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் எல்லோருடைய பாரத்திலும் ஆளுக்கொரு பாதியை அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார். தன்னுடையதில் ஒரு நுனியைப் பிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார், நான் பிடிக்கவில்லை. பிந்தித்தான் என்றாலும் இப்போது அது என் கைக்கு வந்திருக்கிறது. மங்கை அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கனக்கிறது. கனக்கட்டும், அதை என்னிடமிருந்து வாங்க வராதீர்கள்.